சுவிட்சில் தொங்கிய பெயர்

எங்கள் குவார்ட்டர்ஸும் செங்குட்டுவன் குவார்ட்டர்ஸும் ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். அங்கே தாளிக்கிற கடுகு வெடிப்பது இங்கே கேட்கும். ஆகவே அந்த வீட்டு விஷயமெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான்.

என் பெயர் இசக்கியம்மாள். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவள். வீட்டுக்காரருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. எனக்கு வேலை, ஆளில்லாத அறையில் எரிகிற விளக்கையும் சுற்றுகிற ஃபேனையும் அணைத்துக்கொண்டே போவது. ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வீணாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செங்குட்டுவன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடமே இருக்கும். அவர்கள் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். போகிற வழியில் இருக்கிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டு வருவேன்.

செங்குட்டுவனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற பகுதியில் எலக்ட்ரீஷியன் வேலை. அவன் மனைவி நந்தினி. இரண்டு பேருக்கும் ஊர் பக்கத்திலிருக்கிற வடக்குத்து கிராமம்தான். ஆனால் நந்தினி நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண். செங்குட்டுவனின் அம்மா அப்பா அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரே ஒரு பெட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி இந்த வீட்டில் குடியேறினார்கள். நந்தினியின் அப்பா கொளஞ்சிநாதன், சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், தனக்கு மகளே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணன் சுதாகர் பள்ளிக்கூடத்தில் செங்குட்டுவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தான். எதிரில் பார்த்தால் காரைத் திருப்பிக்கொண்டு போவான்.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. அப்புறம் நந்தினிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். சேதி கேட்டதும் அவள் அம்மா கலியம்மாள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கொளஞ்சிநாதன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லையாம். அதற்காகவே அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். எங்கே? என் வீட்டு வாசலுக்கு. பக்கத்து வாசல் பக்கம் தலை திரும்பாது.

"அந்தப் புள்ளகிட்டேருந்து எதனா சேதி வந்துச்சாம்மா?" என்று கேட்பார். 'அந்தப் புள்ள' என்றால் செங்குட்டுவன். அந்தப் பெயரை அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

"கொஞ்சம் எடை கூடியிருக்காம் அண்ணாச்சி. நேத்து தாய்ப்பால் குடிச்சுதாம்."

கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "இதை உங்க வீட்டம்மாகிட்டயே போன்ல கேக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன். "கேட்டா, பேத்தியப் பாக்க ஆசையா இருக்குதான்னு அவ கேப்பா," என்றார். ஆசையாக இருப்பதில் தப்பில்லையாம், அதை அவள் கேட்டுவிடக் கூடாதாம். இப்படியும் ஒரு வீராப்பு.

குழந்தை தேறி, நாளை மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செங்குட்டுவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. போன வருடம் அவன் ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கியிருந்தான். "நாங்க இந்த வூட்டுக்குப் பஸ்ல வந்தோம்க்கா. எம் புள்ள எங்க வண்டியிலதான் வரணும்," என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஆனால் இத்தனை வாரமும் ஷிப்ட் முடிந்த அலுப்போடு கார் ஓட்டப் பயந்து, பஸ்ஸில் தூங்கிக்கொண்டேதான் புதுச்சேரி போய்வந்தான். கார் தகர ஷெட்டுக்குள் அப்படியே கிடந்தது. அன்று சாயங்காலம் சாவியைத் திருகினால் 'கட் கட்' என்றதோடு சரி. பேட்டரி இறங்கிவிட்டது.

கூட வேலை செய்கிறவரிடமிருந்து ஒரு பேட்டரி சார்ஜரை வாங்கி வந்தான். பழைய காலத்து சார்ஜர். பேட்டரி நிரம்பினால் தானாக நிற்கிற வசதியெல்லாம் அதில் இல்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போவதற்கு முன் அவன் அதை மாட்டுவதைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளக்கைச் சொருகாமலே, சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினான். கறுப்பு கிளிப்பை பேட்டரியில் மாட்டவில்லை. தள்ளி, வண்டியின் இரும்பில் மாட்டினான். "பேட்டரி ஏறும்போது ஒரு வாயு வரும்க்கா. கிட்டத்துல பொறி பறந்தா வெடிச்சிடும். அதான் தள்ளி மாட்டறது," என்றான். கண்ணுக்குக் கண்ணாடி வேறு. அதற்கப்புறம்தான் வராந்தாவிலிருந்து இழுத்த வயரில் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். சீக்கிரம் ஏறட்டும் என்று சார்ஜரின் திருகை வேகத்தில் வைத்ததும், தெருநாய் வயரைக் கடிக்கும் என்று ஷெட் கதவைச் சாத்தியதும்தான் கோளாறு.

கடைசியாக ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் 'வேலை நடக்கிறது. தொடாதே. செங்குட்டுவன்' என்று எழுதி, சணல் கயிற்றால் வராந்தா சுவிட்சில் கட்டித் தொங்கவிட்டான்.

"யாருக்குடே இது?" என்றேன்.

"பொதுவாத்தான்க்கா."

"பொதுவா இந்த வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நானாக அந்தச் சுவிட்சின் பக்கம் போவதில்லை என்று உள்ளே வந்துவிட்டேன்.

இந்த அட்டைக்கு இங்கே 'டேக்' என்று பெயர். சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் வேலை செய்கிற எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒரு மெஷினை நிறுத்திவிட்டு அதற்குள் கைவைத்து வேலை பார்க்கிறவன், தன் பெயர் எழுதிய டேக்கைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். மாட்டியவன் வந்துதான் அதை எடுக்க வேண்டும். வேறொருவர், அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், எடுக்கமாட்டார். என் வீட்டுக்காரர்கூடக் குளியலறை விளக்கை மாற்றும்போது ஒரு காகிதத்தை எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார்.

வெயில் ஏறியபின் கொளஞ்சிநாதன் வந்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டியிலயா இட்டாராங்க?"

"ஆமா, அவன் கார்லதான். சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு."

அவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அழுகிய முட்டை நாற்றம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே அவரும் ஓடிவந்தார். நான்கு வருடமாக மிதிக்காத வாசலை மிதித்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நானும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஷெட் கதவைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. காரின் முன்மூடி திறந்தே இருந்தது. உள்ளே பேட்டரி உஸ் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கங்கள் வெளியே தள்ளி, வயிறு உப்பிக் கிடந்தது.

ரோஷமாவது ஒன்றாவது, நேரே வராந்தாவுக்குப் போய்ச் சுவிட்சில் கை வைக்கப் போனேன்.

"தொடாதம்மா!"

அந்தச் சத்தத்தில் என் கை தானாக நின்றுவிட்டது. கொளஞ்சிநாதன் வந்து எனக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"டேக்கு தொங்குதுல்ல."

"தொங்கட்டும்! பேட்டரி வெடிக்கப் போகுது அண்ணாச்சி!"

"பேரு போட்டவன் வந்துதான் எடுக்கணும்."

"பேரு போட்டவன் சுரங்கத்துல இருக்கான். இந்த வண்டிக்குள்ளயா கையை விட்டுக்கிட்டு இருக்கான்?"

"தெரியுதும்மா. எனக்கு மட்டும் தெரியாதா?" வலது கையைத் தூக்கிக் காட்டினார். "கை போவலியே. நான் இன்னா பண்ணட்டும்."

மெயினை அணைக்கிறேன் என்றேன். அதுவும் அதே வேலைதான் என்றார். தள்ளுங்கள் என்றேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன். அப்போதுதான் அவர் பழனிசாமியைப் பற்றிச் சொன்னார்.

"மைன்ஸு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் வேற ஒரு ஊருல அரவை மில்லுல இருந்தேன். பழனிசாமின்னு ஒருத்தன், எனக்கு உசுரு அவன். மெஷின நிறுத்திட்டு உள்ள கைய வுட்டு அடைப்ப எடுத்துகினு இருந்தான். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிகினு எவனோ சுச்சியப் போட்டுட்டான். பக்கத்துல நான் நின்னுகினு இருந்தேன்மா." டேக்கைத் திரும்பிப் பார்த்தார். "இங்க வேலைக்குச் சேந்த அன்னிக்கு இந்த டேக்கக் காட்டனாங்க. அந்த மில்லுல ஒரு அட்டை தொங்கியிருந்தா அவன் கை இருந்திருக்குமேன்னு அன்னிக்கிப் பூரா அழுதேன். இது அட்டை இல்லம்மா. அந்தப் புள்ளயோட உசுரு தொங்குது. நான் தொடமாட்டேன், யாரையும் தொடவும் வுடமாட்டேன்."

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான்கு வருடமாக அந்தப் புள்ளயின் முகத்தைப் பார்க்காத மனிதர், அவன் பெயர் எழுதிய ஒரு அட்டைக்கு முன்னால் சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி நிற்கிறார். இவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஆளைக் கூட்டிவருவதுதான் வழி.

ஷெட் கதவுகளை நன்றாகத் திறந்துவைத்தேன். எதிர் வீட்டு வளர்மதியைக் கூப்பிட்டு, யாரும் கிட்டே வரக்கூடாது, தெருவில் எவனும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று காவலுக்கு நிறுத்தினேன். செங்குட்டுவனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட் பக்கம் போகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஸ்கூட்டியை எடுத்தேன்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"சைக்கிள்ல வர்றேன்மா."

"அதுக்குள்ள பேட்டரி வெடிச்சு உங்களுக்கு முன்னால வந்து சேந்துரும். ஏறுங்க!"

ஏறினார். பின்னால் இருக்கிற கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்மேல் பட்டுவிடாமல் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தார். புளியமர நிழலில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சுரங்க கேட்டில் காவலுக்கு இருந்தவர் கோபாலகிருஷ்ணன். என்னை அவருக்குத் தெரியும். கூண்டு ஜன்னலுக்குள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாத பெயரா? நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற மனிதரை ஒரு பார்வை பார்த்தேன், வாயை இறுக மூடிக்கொண்டேன். பேட்டரி இன்னும் ஒரு நிமிடம் கொதித்தால் கொதிக்கட்டும்.

"கன்வேயர்ல... எலக்ட்ரிக்கல்ல ஒரு புள்ள," என்றார் கொளஞ்சிநாதன்.

"அங்க எத்தினியோ பேரு இருக்காங்க பெரியவரே. பேரு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுரங்கத்துக்குள் இறங்குகிற லாரியைப் பார்த்தேன்.

"செங்குட்டுவன்," என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை, "செங்குட்டுவனுங்க," என்றார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கொளஞ்சிநாதன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னா ஷிப்ட் முடிஞ்சி வரட்டுங்க. சொந்தக்காரங்க வந்தாத்தான் வேலையில இருக்கறவர நான் கூப்பிட முடியும். அதான் கேக்கறேன்."

துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி தோளில் போட்டார். அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் யார் யாரெல்லாம் வந்து நின்றார்களோ எனக்குத் தெரியாது. ஊர் நின்றிருக்கும், பங்காளிகள் நின்றிருப்பார்கள், சுதாகர் நின்றிருப்பான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

"மாமனாரு," என்றார்.

கோபாலகிருஷ்ணனுக்கு அதில் ஒன்றுமில்லை. போனில், "கன்வேயர் செங்குட்டுவனைக் கொஞ்சம் கேட்டுக்கு அனுப்புங்க, அவரு மாமனாரு வந்திருக்காரு," என்றார். அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டுக் கேட்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கோபாலகிருஷ்ணனின் நெற்றி சுருங்கியது. எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவருக்கு மாமனாரே கெடையாதுன்னு சொல்றாராமே?"

செங்குட்டுவன் அதைக் கோபத்தில் சொல்லியிருக்க மாட்டான். இருக்கிறதைச் சொல்லியிருப்பான், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்லியிருப்பான்.

கொளஞ்சிநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கோபாலகிருஷ்ணனின் கையில் இருந்த போனுக்கே கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னார்.

"இருக்கேன்னு சொல்லுப்பா. கொளஞ்சிநாதன் வந்திருக்கேன், நான்தான் மாமனாருன்னு சொல்லு."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. செங்குட்டுவன் குதித்து இறங்கி ஓடிவந்தான். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் தூசி. எங்களைக் கண்டதும் பாதி வழியிலேயே நின்றுவிட்டான். உதடு மட்டும் அசைந்தது.

"பாப்பாவுக்கு..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அவன் நினைத்துவிட்டான். ஜீப்பில் வருகிற வழியெல்லாம் அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருப்பான்! நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சிநாதன் ஓடினார்.

"பாப்பா நல்லாருக்குது! நல்லாருக்குதுப்பா, நாளைக்கு வருது. பேட்டரிதான் கொதிக்குது. பேட்டரிப்பா, வேற ஒண்ணுமில்ல!"

செங்குட்டுவன் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. கொளஞ்சிநாதன் பக்கத்தில் நின்றார். அவர் கை மேலே போயிற்று, நடுவில் நின்றது, அப்புறம் மெதுவாக அவன் தலையில் இறங்கியது. வியர்வையில் நனைந்த தலை. அவர் கையை எடுக்கவில்லை.

எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "சுச்சிய நிறுத்திட வேண்டியதுதானுங்களே?"

"உம் பேரு இருந்துச்சு," என்றார் அவர்.

அதிகாரியிடம் சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். கொளஞ்சிநாதன் என் ஸ்கூட்டியையும் பார்த்தார், பைக்கையும் பார்த்தார். பேசாமல் போய் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் சின்னதாக ஒரு பொறாமைகூட வந்தது. என் வண்டியில் வரும்போது கருங்கல் மாதிரி வந்த மனிதர்தானே.

வீட்டில் நல்லவேளையாக ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வளர்மதி தெருவையே மறித்துவைத்திருந்தாள். செங்குட்டுவன் டேக்கை அவிழ்த்தான், சுவிட்சை அணைத்தான், பிளக்கைப் பிடுங்கினான். கிளிப்பைக் கழற்றுவான் என்று நான் பார்த்தால், எங்களையும் கூட்டிக்கொண்டு தள்ளி வந்துவிட்டான். "வாயு போவட்டும்க்கா. ஆறட்டும். அவசரப்பட்டு கிளிப்ப இழுத்தா அந்த ஒரு பொறி போதும்," என்றான். உஸ்ஸென்ற சத்தம் அடங்கி, நாற்றம் குறைந்த பிறகு, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு முதலில் கறுப்பைக் கழற்றினான், அப்புறம் சிவப்பை.

"இனிமே இது ஆவாது. உப்பிப் போன பேட்டரியில மறுபடி கை வைக்கக் கூடாது," என்றான். முகம் தொங்கிப் போயிற்று.

கொளஞ்சிநாதன் அந்த அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, நிறுத்தின மெஷினுக்குத்தான டேக்கு? நீ ஓடற மெஷினுக்கு இல்ல போட்டுவச்சிருக்க?"

செங்குட்டுவன் அவரையே பார்த்தான். "ஆமாங்க. ஓடறதுக்கு அட்டை போட்டா, ஆபத்துன்னா யாரு நிறுத்துவாங்க? சார்ஜ் ஏறும்போது பக்கத்துல ஆளு இருக்கணும், அதான் முறை. புத்தி நாளைக்குப் பாப்பா வர்றது மேலயே இருந்துச்சு, இத யோசிக்கல."

"எனக்கும்தான் தோணல. அத்தினி வருசம் சர்வீஸு போட்டுட்டு," என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். நான் ஒருத்திதான் அங்கே புத்திசாலி என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டு பேருமாகப் பேட்டரியைத் தூக்கி வெளியே மணலில் வைத்தார்கள். "ஆசிட்டு பட்டிருக்கும், கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவணுங்க," என்றான் செங்குட்டுவன். வெளிக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அது தண்ணீர் வருகிற நேரமில்லை. "உள்ள தொட்டியில இருக்குதுங்க," என்று இழுத்தான். வாங்க என்று கூப்பிட அவனுக்குப் பயம்.

கொளஞ்சிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். சுவரில் கல்யாணப் போட்டோ இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எடுத்தது, இரண்டு பக்கத்து மனிதர்களும் இல்லாத போட்டோ. அதன்முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஷிப்ட் முடிஞ்சி வந்து புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடறேங்க," என்றான் செங்குட்டுவன்.

"வேணாம். உன் வண்டியும் சுதாகர் வண்டியும் ஒரே ரகம்தான?"

பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் மனிதர்! செங்குட்டுவன் தலையாட்டினான்.

"சீருன்னு எம் பொண்ணுக்கு நான் ஒண்ணும் செய்யல. எம் பேத்தி வர்ற வண்டிக்கு எங்க வூட்டு பேட்டரி போடட்டும். அப்புறமா நீ புதுசு வாங்கிக்க." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஊரில் சீர் என்றால் தட்டும் பழமும் பட்டும் வைப்பார்கள். பேட்டரியை வைக்கிற சீரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டேய் சுதாகரு, நம்ம வண்டி பேட்டரியக் கழட்டி எடுத்துகினு வாடா. ...எங்கன்னா? எம் மருமவன் வூட்டுக்கு."

அந்தப் பக்கம் சுதாகர் கத்துவது கூடம் முழுக்கக் கேட்டது. கொளஞ்சிநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"அவன் இவன்னு பேசாத. அதுக்குப் பேரு இருக்குது. செங்குட்டுவன். எம் பேத்திக்கு அப்பன். நீ தாய்மாமன், உனக்கு இஷ்டம்னா வா. இல்லன்னா நானே வந்து கழட்டி, சைக்கிள்ல வச்சி எடுத்தாருவேன்."

கத்தல் நின்றது. அவர் போனைச் செங்குட்டுவன் பக்கம் நீட்டினார்.

"உன் மச்சான். பேசு."

செங்குட்டுவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். காதில் வைத்தான். அலோ என்றுகூடச் சொல்ல வரவில்லை அவனுக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர், ஆளுக்கொரு முனையில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்துவிடுவானோ என்று நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சுதாகரின் குரல் கேட்டது. கோபமாகத்தான் இருந்தது.

"அதக் கழட்ட ஸ்பேனரு பத்தாம் நம்பரா, பன்னெண்டாடா?"

"பத்து, மச்சான்," என்றான் செங்குட்டுவன்.